வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் ஒரு பென்குவின்

காலை ஆறரை.
கோழி லாரிக்கும் வைக்கோல் டெம்போவுக்கும் நடுவே
எங்கள் ஆம்னி வேன்.
பின் சீட்டில் நானூறு குறுந்தட்டுகள்,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு.
உறையின் மேல் தொப்பை தள்ளிய பென்குவின்
விருந்து முடிந்த களைப்பில் உட்கார்ந்திருந்தது.

"பறவைக்கு மிருக டாக்டர் சீட்டு, அடுத்த ஜன்னல்ல"
என்றான் காக்கிப் பையன்.
நாச்சிமுத்து அண்ணன் நிஜமாகவே இறங்கப் போனார்.

வரி அதிகாரி விலாசினி மேடம்
படிவத்தை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.
சரக்கு: இயங்குதளம்.
மதிப்பு: பூஜ்யம்.
"பூஜ்யத்துக்கு யாராவது வேன் பிடிச்சு வருவாங்களா?"

அனுப்புநர் கட்டம் காலியாக இருந்தது.
அதில் யாரை எழுத?
ஹெல்சிங்கியில் ஒரு மாணவன்
சும்மா பொழுதுபோக்காகத் தொடங்கியது,
பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அவனே நினைத்தது.
பிறகு கை வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில்,
பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.
கட்டமோ ஒன்றரை அங்குலம்.
'பலர்' என்று எழுதினேன்.

"திருட்டுச் சரக்கா?"

இல்லை மேடம். நகல் எடுக்கலாம். பிரித்துப் பார்க்கலாம்.
மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம்.
வாங்கினவன் கேட்டால் மூலத்தைக் கொடுத்துவிட வேண்டும்,
அந்த ஒன்றில்தான் கறார்.

பேனாவை மூடினார். திறந்தார்.
பின்னால் கோழி லாரி ஹாரன் அடித்தது.
எனக்கு வாய் நிற்கவில்லை.

இதற்குள்ளே, மேடம்,
தாய் செத்துப்போன வேலைகளை
ஒன்றாம் நம்பர் வேலை தத்தெடுத்துக்கொள்ளும்.
முடிந்துபோன வேலையோ
தாய் வந்து கணக்கு வாங்கும்வரை
பட்டியலில் பேரோடு நிற்கும்.
அதற்குப் பெயர் ஜோம்பி.
கொல்ல முடியாது,
ஏற்கெனவே செத்ததை எப்படிக் கொல்வது?

"எங்க தாலுக்கா ரேஷன் லிஸ்ட் மாதிரி."
முதல் சிரிப்பு.

அச்சுப்பொறிக்கு என்ன கோளாறு என்று புரியாவிட்டால்
'எரிகிறது' என்று திரையில் எழுதிவிடும் மேடம்,
நிஜமாகவே அப்படி ஒரு வரி உள்ளே இருக்கிறது.
காக்கிப் பையன்
மூலையில் கரகரத்துக்கொண்டிருந்த அச்சுப்பொறியைப் பார்த்தான்.
பிறகு மணல் வாளியைப் பார்த்தான்.

கடைசியில் ஒரு சீட்டு கிழித்தார்.
மலையாளத்தில் இரண்டு வரி, கீழே கோணல் தமிழில்
எனக்காக: 'மதிப்பு தெரியவில்லை. போகலாம்.'
ஒரு குறுந்தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்,
அதற்கு ரசீது தரவில்லை.

அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் போனவை:
உலகின் வேகமான ஐந்நூறு கணினிகளிலும்
இன்று அதே பென்குவின்தான்.
செவ்வாயில் பறந்த சின்ன ஹெலிகாப்டரிலும் அதுவே,
அங்கே எந்தச் சாவடியும் மதிப்புக் கேட்கவில்லை.
அந்தக் கோழி லாரி டிரைவரின் சட்டைப்பையிலும்
இப்போது அதுதான் மணியடிக்கிறது, அவருக்குத் தெரியாது.

இன்னொன்று.
எழுபதாம் ஆண்டிலிருந்து நொடிகளை எண்ணிவரும்
பழைய பெட்டிகள் சில
இரண்டாயிரத்து முப்பத்தெட்டு ஜனவரியில்
எண்ண இடமில்லாமல் புரண்டு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றுக்குப் போய் விழும்.
போனாலும் இங்கே தப்பிக்க வழியில்லை.
அந்தப்பக்கம் கொச்சி ராஜா, இந்தப்பக்கம் வெள்ளைக்காரன்,
நடுவில் எவனாவது ஒருவன்
மூட்டையைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஜி.எஸ்.டி. வந்து வரிச்சாவடி போய்விட்டது.
பலகை மட்டும் நிற்கிறது,
கணக்கு வாங்க இன்னும் யாரும் வரவில்லை.
நாச்சிமுத்து அண்ணன் அந்த இடம் வந்ததும்
இரண்டாம் கியருக்கு இறக்கி,
கண்ணாடியை இறக்கி,
வெறும் ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு
மறுபடி ஏற்றுகிறார்.